பல்லில் வைத்துப் பார்த்த மண்

நான் ஒரு தடவை ஒரு கண்மாயைக் கொல்லப் பார்த்தவன். கடப்பாரை எடுக்கவில்லை, லாரியில் மண் கொண்டுபோய்க் கொட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். அது திட்டமிட்டு எழுதிய பொய்யும் இல்லை. பொய் சொல்லக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்; எனக்கு அதுவும் கிடையாது.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெள்ளிவிழா மலர் போட்டது. கட்டுரை கேட்டார்கள். ஒரு சால்வையும் ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசும் உண்டு என்றார்கள். மூன்று டீ குடித்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதினேன்: "படைப்புக் காலந்தொட்டே மழை மறந்த மண் இது. வானம் கைவிட்ட இந்தப் பூமியை வெடிமருந்துதான் வாழ வைத்தது." எழுதியதை நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக் கண் கலங்கினேன். அந்தச் சால்வை இன்றைக்கும் எங்கள் வீட்டு மிக்சியை மூடியிருக்கிறது.

மலர் வந்து ஒரு மாதம் இருக்கும். விருதுநகரில் என் வீட்டு வாசலில் ஒரு காலை பத்து மணிக்கு ஓர் அம்மையார் வந்து நின்றார். தலையில் முக்காடு, ஒரு கையில் சுருட்டிய மலர், இன்னொரு கையில் ஆளைவிட நீளமாக ஒரு பிவிசி குழாய். என் வயதுதான் இருக்கும். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குழாயைப் பற்றி நினைத்தது தவறு, மற்றபடி சரிதான்.

"எழுத்தாளர் சார் நீங்கதான?"

"ஆமா. உள்ள வாங்க."

"இருக்கட்டும். படைப்புக் காலம்னு எழுதிருக்கீகளே, அது எந்தக் காலம்?"

"அது வந்து… ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்கா? இந்தப் பூமி ஒரு காலத்துல தெற்க கடலுக்கு நடுவுல தனியா மிதந்துக்கிட்டு வந்துச்சு. அப்பவா? அதுக்குப் பொறவு வடக்க நாடு நாடாப் பனிக்கட்டியா உறைஞ்சு கெடந்துச்சு. அப்பவா? இல்லை, பனி உருகிக் காத்தும் மழையும் பெருசா வந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, அப்பவா? எப்ப நீங்க இங்கன நின்னு மழை மறந்ததைப் பாத்தீக?"

நான் பிறந்தது மதுரையில் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் இன்னொரு தாளை நீட்டினார். ஒரு மனுவின் நகல். எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்மாய். அதே கம்பெனி தன் சரக்குக் கிட்டங்கிகளை நீட்டிக் கட்ட அந்த இடத்தைக் கேட்டிருந்தது. காரணம்: அது இயற்கையிலேயே நீர் நிற்காத நிலம், பெயருக்குத்தான் கண்மாய். ஆதாரம்: அறிஞர் ஒருவரின் கட்டுரை, இணைப்பில் காண்க. இணைப்பில் நான் இருந்தேன். அறிஞர் என்று என்னை யாரும் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதவில்லை.

அந்தக் கண்மாய்க் கரையடியில் ஒரு கிணறு. பக்கத்துக் குடியிருப்புக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். கண்மாயில் பத்து நாள் தண்ணீர் நின்றால் கிணற்றுக்கு நாலு மாதம் ஊறும். கண்மாயை மூடினால் கிணற்றையும் மூடிவிடலாம்.

"செத்துட்டான்னு எழுதிட்டா சொத்தைப் பிரிச்சுக்கலாம்ல? அந்த மாதிரிதான் இதுவும். வறண்ட பூமின்னு எழுதிட்டா யாரும் என்னமும் செஞ்சுக்கலாம். உயிரோட இருக்கிறதுக்குச் சாவுச் சர்ட்டிபிகேட் குடுத்திருக்கீக, அதுவும் கண்ணு கலங்குற மாதிரி."

கண் கலங்கியது எனக்கு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை.

*

அவர் பழைய பேப்பர் மொத்த வியாபாரம் செய்த ஒரு பாயின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு, வடக்கே ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் சேற்றில் புதைந்த மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிற வேலை பார்த்தவர். ஏரிகளின் அடிமண்ணைத் தோண்டி எடுத்து, எந்தக் காலத்தில் எந்தச் செடி இருந்தது, அதைக் கொண்டு எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று கணக்கிடுவார்களாம். வேலை முடிந்தது, கல்யாணம் ஆனது, விருதுநகர் வந்தார். பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மர அலமாரி முழுக்க மண் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கே கிணறு வெட்டினாலும் ஒரு டப்பா மண் அவருக்குப் போய்ச் சேரும்.

மண்ணைப் பல்லில் வைத்துப் பார்ப்பார். ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் தேய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். நறநறத்தால் வண்டல், வழவழத்தால் களி. பிறகு துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார். முதல் தடவை பார்த்தபோது நான் பயந்துவிட்டேன். பாய்க்குப் பழகியிருந்தது. சொம்பில் தண்ணீரோடு நிற்பார்.

"கல்யாணம் பேசுறப்ப நாங்க வசதியான குடும்பம்னு எங்க அத்தா சொன்னாக" என்றார் பாய் ஒரு நாள். "அதுக்கு என்ன ஆதாரம்னு இவ கேட்டா. இன்னைக்கு வரைக்கும் நான் குடுக்கலை."

அந்த அம்மையாரின் கோபம் ஒன்றே ஒன்றுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் தாங்க மாட்டார். அதில் நம்ம ஆள், அடுத்த ஆள் என்ற பேதமே கிடையாது. ஒரு தடவை சிவகாசி பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் ஒருவர், கையில் வேப்பங்கன்றோடு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "இதை நட்டா மழை தானா வந்துரும்." நல்ல மனிதர். மரம் நடப் போகிறவர். விட்டிருக்கலாம்.

"ஒரு கன்னுக்கு எம்புட்டு மழை தருவாக?" என்றார் இவர், பின்னாலிருந்து.

"என்னம்மா?"

"இல்லை, ஒண்ணுக்கு ஒரு தூத்தலா, ரெண்டு தூத்தலா? மரத்தை நிழலுக்கு நடுங்க, காத்துக்கு நடுங்க, ஆட்டுக்குத் தழைக்கு நடுங்க. யாரு வேண்டாம்னா? மழைக்குன்னு நட்டுட்டு, வரலைன்னா நாளைக்கு அதையே வெட்டுவீக."

அவர் விஸ்வநத்தத்தில் இறங்கும்வரை கன்றை மடியில் மறைத்து வைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. இப்படிப்பட்டவரை ஒரு வழக்குக்குத் துணையாக வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

*

மனுவை எதிர்க்க ஆதாரம் தேடி, அந்த அம்மையார் என்னை அந்தக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போனார். குழாயையும் சம்மட்டியையும் நான் சுமக்க வேண்டும் என்பது தண்டனை. அங்கே பேச்சித்தாய் என்ற பெண் காத்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை, அன்று லீவு. அவருடைய அம்மா காலத்தில் குடும்பமே மானாவாரிக் காட்டு வேலை. இப்போது குடியிருப்பில் பாதிப் பேர் பட்டாசு மருந்தறையிலும் பாதிப் பேர் தீப்பெட்டியிலும். பேச்சித்தாயின் கையில் முழங்கை வரை, கழுவியும் போகாத அலுமினிய மினுக்கம். கிணற்றுக்காக அலைந்தது முதலில் அவர்தான். பேப்பர்க் கடைக்கு மனு நகலைக் கொண்டுபோனவரும் அவர்தான்.

"எங்க பொழப்பைக் கேளுங்க அண்ணாச்சி" என்றார் என்னிடம். "மழை பேஞ்சா கம்பெனிக்கு லீவு. பேயலைன்னா கிணத்துக்கு லீவு. சாமி கும்புடப் போனா எதைக் கேக்கன்னே தெரியாம நின்னுட்டு வாரோம்."

அடிமண்ணை எடுக்கக் குழாயை அடித்து இறக்க ஒரு பகல் முழுக்க ஆனது. ஓர் ஆளின் உயரத்துக்கு மேல் இறங்கியது. அடித்தது பேச்சித்தாய். நான் மேற்பார்வை. உச்சி வெயிலில் கரையிலிருந்த ஒற்றைக் கருவேல நிழலில் மூவரும் ஒதுங்கினோம். மழை எங்கிருந்து வருகிறது என்று பேச்சித்தாய் கேட்டார். அந்த அம்மையார் திருப்பிக் கேட்டார்.

"வெடி காயப் போடுற பிளாட்பாரம் இந்நேரம் எப்படி இருக்கும்?"

"கால் வைக்க முடியாது."

"பக்கத்துல தீக்குன்னு நெறச்சு வச்ச தொட்டித் தண்ணி?"

"அது சில்லுனுதான் கெடக்கும்."

"அம்புட்டுதான். பிளாட்பாரம் நிலம், தொட்டி கடல். நிலம் சட்டுனு சுடும், கடல் மெதுவா. சுட்ட நிலத்துக் காத்து மேல போகும், அந்த இடத்துக்குக் கடல் காத்து ஈரத்தோட ஓடியாரும். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கோடையில பூமி சூரியனுக்கு இன்னுங் கொஞ்சம் கிட்ட இருந்துச்சு. நிலம் இன்னும் சுட்டுச்சு, காத்து இன்னும் உள்ள போச்சு. இன்னைக்கு வெறும் பாலைவனமா கெடக்க இடமெல்லாம் அப்ப புல்லு. வெறும் மணலு வெயிலைத் திருப்பி அனுப்பிரும். பச்சை வந்தா வெயிலைப் பிடிச்சு வச்சுக்கும், குடிச்ச மழையையும் ஆவியாத் திருப்பிக் குடுக்கும். அதனால இன்னும் காத்து, இன்னும் மழை."

பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப மழை வந்து செடி வந்துச்சா, செடி வந்து மழை வந்துச்சா?"

அந்த அம்மையார் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். "இதைத்தான் தாயி படிச்சவுகள்லாம் உக்காந்து சண்டை போடுறாக. தொடங்கி வச்சது சூரியன். அதுக்குப் பொறவு எம்புட்டுக்குக் கடலு, எம்புட்டுக்குச் செடின்னு இன்னும் தீரலை. பனி உறைஞ்ச காலத்துல கடலே குளிர்ந்து கெடந்துச்சு. அப்ப காத்து வந்தாலும் வெறுங்கையா வந்துச்சு."

"அந்தப் பச்சைக் காலத்துல நம்ம பக்கமும் நல்ல மழையா?"

நானும் ஆசையோடு பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல் வந்தால் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் விசாரணையில் ஜெயித்துவிடலாம்.

"தெரியாது" என்றார். "அது தென்மேற்கு மழை. நமக்கு ஐப்பசி கார்த்திகையில கெழக்குக் கடல்ல இருந்து வருது. அது பெருத்தா இதுவும் பெருக்கணும்னு கட்டாயம் இல்லை. நம்ம மண்ணைத்தான் கேக்கணும்."

*

மண்ணைக் கேட்டார். குழாயை நெடுக்குவாட்டில் அறுத்துப் பேப்பர்க் கடையில் பரப்பினார். இந்த மண் நனைந்து காய்ந்து நனைந்து காய்வதால் மகரந்தம் பெரும்பாலும் சிதைந்து போயிருந்தது. அதற்கு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தார், மண்ணின் மேல் இல்லை, என் மேல். ஆனால் நத்தை ஓடுகள் இருந்தன. சின்னச் சின்ன வெள்ளை ஓடுகள். மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால்தான் வாழ்கிற ஜாதி என்றார். ஓர் அடுக்கு நத்தை, ஓர் அடுக்கு வெறும் மண், மறுபடி நத்தை.

சூலக்கரைக்குப் போவதற்கு முந்தின நாள் குடியிருப்பு ஆட்கள் நாலைந்து பேர் கடைக்கு வந்தார்கள். பேச்சித்தாயின் மச்சினன்தான் பேசினார்.

"யம்மா, எப்பவும் தண்ணி நின்ன கண்மாய்னு ஒத்தை வார்த்தை சொல்லிருங்க. போதும்."

"நடுவுல நத்தை இல்லாத அடுக்கு இருக்கே."

"அது யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல? ஏம்பா, அவுக எப்பவும் வறட்சின்னு எழுதினா அது அநியாயம், நீங்க எப்பவும் வெள்ளம்னு எழுதினா அது நியாயமா? மண்ணு சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போயிட்டு வாங்க."

போகும்போது மச்சினன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அந்தக் கம்பெனிக்காரன் எம்புட்டோ பரவாயில்லை." அந்த நேரம் எனக்கும் அப்படித்தான் பட்டது. வற்றப் போகிற கிணறு அந்த அம்மையார் வீட்டுக் கிணறா? இங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அங்கே ஒரு குடம் போய்விட்டால் அடுத்தது இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் என்ன இவ்வளவு சுத்தம் என்று எனக்கும் எரிச்சல். ஒரு வாக்கியத்தில் கண்மாயைக் கொன்றவன், இன்னொரு வாக்கியத்தில் அதைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர்தான் விடவில்லை.

*

சூலக்கரை அலுவலகத்தில் ஓர் அதிகாரி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். கம்பெனி மேனேஜர் தேய்த்த வெள்ளைச் சட்டையில் என் கட்டுரையை ராகத்தோடு வாசித்தார். மழை மறந்த மண் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். நானும் அங்கேதான் நிறுத்தியிருப்பேன்.

"கட்டுரையை எழுதினவர் வந்திருக்கிறாரா?" என்றார் அதிகாரி.

கடைசிக்கு முந்தின வரிசையில், பேச்சித்தாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். "ஐயா, அந்த வரியை நான் ஒன்றும் தெரியாமல் எழுதினேன். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது" என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, யாரும் தள்ளாமல், தானாக எழுந்து உண்மை சொன்னோம் என்ற நிறைவு எனக்கு இன்றைக்கும் உண்டு.

அடுத்து அந்த அம்மையாரைக் கேட்டார்கள்.

"இந்தக் கண்மாயில் எல்லாக் காலமும் தண்ணீர் நின்றதா?"

"இல்லை."

பின்னால் பேச்சித்தாயின் மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர் சிரித்தார்.

"அப்படியானால் எப்போதுமே நிற்கவில்லையா?"

"அதுவும் இல்லை." குழாயின் ஒரு பாதியை மேஜை மேல் நீட்டி வைத்தார். "நின்ன காலமும் இருக்கு, நிக்காத காலமும் இருக்கு. எத்தனை வருசக் கணக்குன்னு கேக்காதீக. லேப்புக்கு அனுப்பாம சொல்ல மாட்டேன். ஆனா இதைப் பாருங்க." ஒரு பூதக்கண்ணாடியை அதிகாரியின் கையில் கொடுத்தார். "மேல ஒரு சாண் மண்ணு மினுங்குதா? அலுமினியப் பொடி. ஜிகினாத்தாள் துணுக்கும் கெடக்கு. கம்பெனி வந்த பொறவு விழுந்த மண்ணு இது. இதுல ஒரு நத்தை கூட இல்லை. மினுக்கம் தொடங்குறதுக்கு நேர் கீழ பாருங்க, நத்தை கொட்டிக் கெடக்கு. வெள்ளிவிழாக் கொண்டாடின கம்பெனி வாற வரைக்கும் இங்கன மாசக்கணக்குல தண்ணி நின்னுருக்கு. வந்த பொறவுதான் நிக்கலை."

மேனேஜர் சிரிப்பதை நிறுத்தினார். "அப்ப எங்களாலதான் மழை பெய்யலைன்னு சொல்றீங்களா?"

நான் மனதுக்குள் ஆமாம் சொல்லுங்கள், ஆமாம் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"நான் அப்படிச் சொல்லலை. மண்ணு காரணம் சொல்லாது, நேரத்தைத்தான் சொல்லும்." பிறகு அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் வெளியே வந்தது. "ஆனா ஒண்ணு கேக்கேன். இயற்கை, இயற்கைன்னு நாலு பக்கம் எழுதிருக்கீகளே, கண்மாய்க்குத் தண்ணி வாற வரத்துக்கால் மேல உங்க கம்பெனி ரோடு போகுது. அதுக்கு அடியில ஒரு குழாயாவது போட்டீகளா? கடல் செஞ்சது, காத்து செஞ்சது, சூரியன் செஞ்சதுன்னு யாரு மேல வேணும்னாலும் பழியைப் போடுவீக, ரோடு போட்டவன் மேல மட்டும் போட மாட்டீகளா? ஐயா, நீங்க போயே பாருங்க. நான் சொன்னேன்னு எழுத வேண்டாம். நீங்க பாத்தேன்னு எழுதுங்க."

அதிகாரி போய்ப் பார்த்தார். ரோட்டுக்கு அடியில் குழாய் இல்லை. கம்பெனியின் மனு தள்ளிப்போனது, பிறகு இல்லாமலே போனது. ரோட்டுக்கு அடியில் குழாய் போட இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அந்த அம்மையார் வாரம் தவறாமல் யாரையாவது போனில் திட்டிக்கொண்டிருந்தார். பாதி நாள் என்னை.

குழாய் போட்ட அடுத்த வருடம், மகள் வீட்டோடு இருக்கப் பாயும் அவரும் ஊரைவிட்டுப் போனார்கள். மண் அலமாரி கூடவே போனது. கண்மாயில் மண்ணெடுத்த அந்தக் குழாயின் மறுபாதியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கோங்க" என்றார். என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. என் மனைவி பெருக்கும்போதெல்லாம் அதற்கு ஓர் உதை விழுகிறது.

இன்றைக்கும் யாராவது மேடையில் "வறண்ட இந்தப் பூமியிலே" என்று தொடங்கினால் எனக்குக் காது சூடாகிறது. சினிமாவில் எங்கள் ஊரைக் காட்டினால் முதல் காட்சி வெடித்த நிலம்தான். திட்டம் போடுகிறவர்களும், அதைத் தடுக்கிறவர்களும், என்னைப் போலக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவர்களும் எல்லோரும் ஒரே குரலில் அதைத்தான் சொல்கிறோம். கடலும் புல்லும் சூரியனும் கூடி எத்தனையோ ஆயிரம் வருடமாக மாற்றி மாற்றி எழுதி வந்த ஒரு கணக்கை, மூன்று டீ குடித்துவிட்டு ஒரு வரியில் முடித்துவிடுகிற திமிர் எங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. எத்தனை அடி என்று அளந்து பார்க்கவில்லை. அதனால் நிறைந்தது என்று எழுதவில்லை. இந்த ஒரு வரிக்காகவாவது அந்த அம்மையார் என்னை மன்னிப்பார் என்று நம்பிக்கொண்டு, எழுதி முடித்த தாள்களை எடுத்துக்கொண்டு போய், மழைக்காகக் கம்பெனி லீவு விட்டிருந்த ஒரு நாளில், பேச்சித்தாயிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். அங்கங்கே தலையாட்டினார். முடிந்ததும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அம்புட்டும் சரிதான் அண்ணாச்சி. ஆனா சூலக்கரையில நீங்களா எங்க எந்திரிச்சீக? தலையைக் குனிஞ்சுக்கிட்டுல்ல இருந்தீக. நான்ல ஊக்கைக் கழட்டி இடுப்புல குத்துனேன்."